கிணற்றில் மீட்ட இரண்டு சென்டிமீட்டர்

எங்கள் ஊர் ஆரோக்கிய கேந்திரத்தில் அறுபது வயது கடந்தவர்களுக்கு ஒரு முழுப் பரிசோதனை வைத்திருந்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை, உயரம் எல்லாம் பார்த்து ஒரு மஞ்சள் அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். எனக்கு அப்போது அறுபத்தொன்று. என் வீட்டுக்காரருக்கு அறுபத்தாறு. சர்க்கரை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் போனோம். இரண்டு பேருக்கும் இல்லை. அந்தச் சந்தோஷத்தோடு உயரம் பார்க்கும் கம்பத்தில் போய் நின்றேன்.

நர்ஸ் என் தலைமேல் பலகையை இறக்கிவிட்டு, "நூற்றி அறுபத்தி ஆறு" என்று சொல்லி எழுதப் போனாள்.

"தப்பா இருக்குமுங்க சிஸ்டர். நான் நூத்தி எழுபத்தியொண்ணு."

அவள் மலையாளி. எங்கள் ஊருக்கு வந்து பத்து வருஷமாகிவிட்டதால் பாதித் தமிழ் பேசுவாள். "நேரே நில்லுங்கோ அம்மா. ஒருக்கா கூடி நோக்கலாம்" என்று மறுபடி அளந்தாள். மறுபடியும் நூற்று அறுபத்தாறு.

"எழுபத்தியொண்ணுன்னு ஆரு சொன்னது?"

"ஆசுபத்திரி அட்டையிலயே இருக்குதுங்க. என்ற பையன் வயித்துல இருக்கறப்ப அளந்தது."

"பையனுக்கு இப்போ எத்தனை வயசு?"

"முப்பத்தஞ்சு."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "அப்போ முப்பத்தஞ்சு வருஷத்துல அஞ்சு சென்டிமீட்டர் போயி அம்மா."

அடுத்து என் வீட்டுக்காரர் ஏறி நின்றார். நூற்று அறுபத்தேழு. இளவயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கோயமுத்தூருக்குப் போனபோது அவரை அளந்திருக்கிறார்கள். அப்போது நூற்று அறுபத்தெட்டு. இத்தனை வருஷத்தில் அவருக்குப் போனது ஒன்றே ஒன்று. தன் அட்டையைப் பார்த்தார், என் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். அப்புறம் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏம்புள்ள, நான் ஒன்ன விட ஒசரமாயிட்டனே!" என்றார்.

வரிசையே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

இது ஏன் எனக்கு அவ்வளவு உறைத்தது என்று சொல்ல வேண்டும். கேரள எல்லையோரம் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் சனத்துக்குள் பெண் பிள்ளை நூற்று எழுபத்தொன்று வளர்ந்தால் அது வீட்டுக்கு ஒரு கவலை. பள்ளிக்கூடத்தில் எப்போதும் கடைசி பெஞ்ச். பெண் பார்க்க வந்தவர்கள் நான் காப்பித் தட்டோடு உள்ளிருந்து வருவதைப் பார்த்ததுமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஏழெட்டு இடம் அப்படியே தட்டிப்போனது. கடைசியாக இவர் வந்தபோது என் அம்மா புத்திசாலித்தனமாக என்னை முன்கூட்டியே பாயில் உட்கார வைத்துவிட்டாள். "அவுங்க எந்திரிச்சுப் போறவரைக்கும் நீ எந்திரிக்காத" என்று கட்டளை. வந்தவரோ என்னைப் பார்த்து, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா என்று கேட்டார். அம்மா ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தே கேட்டார். வேறு வழியில்லாமல் நான் எழுந்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார். மறுநாள் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர் ஒருநாளும் என் உயரத்தைக் குறை சொன்னதில்லை. சொன்னது அவருடைய அக்கா, என் நங்கையா. கல்யாணமான முதல் மாதமே, "கோயிலுக்குப் போறப்ப என்ற தம்பிய ஒட்டி நிக்காத, எட்டிப் பாக்கற மாதிரி இருக்குது" என்றார். அன்று தோளைக் குறுக்க ஆரம்பித்தவள்தான். கல்யாண வீடு, கோயில், பஸ் ஸ்டாண்டு என்று அவரோடு எங்கே நின்றாலும் கழுத்தை முன்னால் நீட்டி, முதுகை வளைத்து, மூன்று விரலாவது என்னைக் குறைத்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் யாரும் இல்லாதபோதும் அப்படியே நடக்கப் பழகிவிட்டேன்.

ஆகவே உயரம் குறைந்துவிட்டது என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஆனால் வீட்டுக்கு வந்து அந்த மஞ்சள் அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆயுசு முழுக்க ஒளித்து வைத்திருந்த ஒரு பொருளை எவனோ திருடிக்கொண்டு போன மாதிரி இருந்தது. ஒளித்து வைத்தது நான்தான். ஆனாலும் அது என்னுடையது.

அவர் அந்த வாரம் முழுக்கக் குஷியாக இருந்தார். பால் எடுக்க வருகிறவரிடம் சொன்னார், உரக்கடைக்காரரிடம் சொன்னார். "தெனமும் கெணத்துல நீஞ்சறனல்லங்க, அதான் எனக்குக் கொறையல" என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னார். அதில் ஒரு உண்மை உண்டு. ஆறு வயதிலிருந்து அவர் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தினமும் நீந்துகிறவர். காய்ச்சல் வந்தால்தான் ஒருநாள் விடுவார். அந்தக் காரணம் என் காதில் விழுந்து விழுந்து, ஒருநாள் பொள்ளாச்சி பஸ் ஏறி ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். படம் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பு எங்கேயும் நொறுங்கவில்லை, எலும்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, இந்த வயதுக்குப் பயப்படும்படி இல்லை என்றார். நான் வந்த காரியத்தைக் கேட்டேன்.

"என்ற ஊட்டுக்காரரு கெணத்துல நீஞ்சறதாலதான் அவருக்கு ஒசரம் கொறையலைங்கறாருங்க. அது நெசமுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்படி நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா. தண்ணியில மிதக்கும்போது உடம்போட பாரம் எலும்பு மேல விழறதில்ல. பாரம் விழுந்தாத்தான் எலும்பு கெட்டியாகும். அதுக்கு நீங்க நடக்கணும், கொஞ்சம் எடை தூக்கணும். ஆம்பளைங்களுக்கு எலும்பு தேயறதும் மெதுவாத்தான்."

"அப்ப நீச்சலுக்கு ஒண்ணுமில்லீங்களா?"

"இருக்கு. இப்படி வாங்க, சுவத்துல முதுகைச் சாய்ச்சு நில்லுங்க."

நின்றேன். குதிகால் சுவரைத் தொட்டது, இடுப்பு தொட்டது. தலை தொடவில்லை. டாக்டர் என் பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவே தன் கையை விட்டார். நான்கு விரலும் தாராளமாகப் போய் வந்தன.

"உங்களுக்குக் குறைஞ்ச உயரத்துல கொஞ்சம் முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு தேஞ்சதால. அது இனி திரும்பாது. மீதி இந்தக் கூன். இது சதையோட பழக்கம். முதுகுச் சதை பலமாச்சுன்னா கூன் கொஞ்சம் நிமிரும், அந்த அளவுக்கு உயரம் வரும். அதுக்கு நீச்சல் ரொம்ப நல்லது. குனிஞ்சே வேலை செய்வீங்களா?"

"ஆமாங்க" என்றேன். முப்பத்தேழு வருஷமாக என்ன வேலைக்குக் குனிந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆனா கிணத்துல மேலேருந்து குதிக்கக் கூடாது. படியில இறங்குங்க. கூட ஆள் இருக்கணும்."

திரும்பும் வழியில் கடைவீதியில் இறங்கி இரண்டு கறுப்பு லெக்கின்ஸ் வாங்கினேன். மேலே போட என் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை இருந்தது.

நீச்சல் எனக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். என் அப்பா தோட்டத்துக் கிணற்றில் பதின்மூன்று வயதுவரை நீந்தியவள்தான் நான். மேல் படியிலிருந்து குதித்து அடிமண்ணை எடுத்து வந்து காட்டுவேன். பெரியவளானதும் அது நின்றது. யாரும் தடை என்று சொல்லவில்லை, இனி போகவேண்டாம் என்று அம்மா துணியை எடுத்து மடித்து வைத்தாள், அவ்வளவுதான். அதோடு நாற்பத்தெட்டு வருஷம்.

எங்கள் கிணறு நான்கு பக்கமும் கல் கட்டிய பெரிய கிணறு. ஒரு பக்கம் மட்டும் படி. ஐப்பசி மழை முடிந்திருந்த நேரம், தண்ணீர் பத்துப் படிக்குக் கீழேயே நின்றது. டாக்டர் சொன்னதை நான் சொன்னதும், மறுநாள் விடியற்காலை அவரே துணைக்கு வந்தார். முதலில் மோட்டார் ரூமுக்குப் போய், யாரும் மோட்டாரைப் போட்டுவிடாதபடி ஃபியூஸைப் பிடுங்கினார். அதைத் துண்டில் முடிந்து மேட்டில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். நான் இடுப்பில் காலி எண்ணெய் கேன் ஒன்றைக் கட்டிக்கொண்டு படியில் நின்றேன். கால் வைத்த இடமெல்லாம் பாசி. மீன் குஞ்சுகள் வந்து பாதத்தைக் கொத்தின. குளிர் முழங்காலில் ஏறி, இடுப்பில் ஏறி, நெஞ்சில் ஏறியபோது மூச்சு நின்றுவிடும் போல இருந்தது.

"கைய உடு" என்றார் தண்ணீருக்குள்ளிருந்து.

"உடமாட்டனுங்க."

"ஏம்புள்ள, படியப் புடிச்சுட்டே எப்படி நீஞ்சுவ?"

"நாளைக்கு உடறனுங்க."

மறுநாளும் விடவில்லை. மூன்றாம் நாள் ஒரு கையை விட்டேன். நான்காம் நாள் அவர் எதிர்ச் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டு, தன் பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்காத அந்த நேரத்தில் நான் படியை விட்டுவிட்டேன். கை தானாக விரிந்தது, கால் தானாக உதைத்தது. மறந்துபோனேன் என்று நினைத்ததெல்லாம் உடம்புக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. நடுக்கிணற்றில் ஒருமுறை மூக்கில் தண்ணீர் ஏறித் தடுமாறினேன். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எதிர்ச் சுவரின் கல்லைப் பிடித்துவிட்டேன். எனக்கு வந்த சிரிப்பில் கிணறே திரும்பச் சிரித்தது. அவருடைய பக்கத்தில், கழுத்தளவு தண்ணீரில், இரண்டு பேருக்கும் தலை மட்டும்தான் வெளியே. கல்யாணமாகி முதல் தடவையாக நான் என் உயரத்தை நினைக்காமல் அவர் பக்கத்தில் இருந்தேன்.

ஒரு மாதத்தில் கேனைக் கழற்றினேன். நாளுக்கு நான்கு சுற்று என்பது எட்டாகி, பத்தாகியது. கரையேறியதும் டாக்டர் சொன்ன எடைக்காகக் கைக்கு இரண்டாக உரிக்காத தேங்காயைத் தூக்கிக்கொண்டு தோப்பை ஒரு சுற்று நடந்து வீட்டுக்குப் போவேன். ராகிக் களியும் முருங்கைக் கீரையும் அடிக்கடி வைத்தேன்.

பக்கத்துத் தோட்டத்தில்தான் நங்கையா வீடு. அவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒருநாள் நான் ஈரத்தோடு வரும்போது வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, ஆம்பளச் சட்டையப் போட்டுக்கிட்டுக் கெணத்துல எறங்கறயாமா? பேரன் பேத்தி எடுத்தவ செய்யற காரியமா இது? ஊரே சிரிக்குது."

முன்பென்றால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். அன்று இரண்டு கையிலும் தேங்காய்ப் பாரம். அதைத் தூக்கிக்கொண்டு குனிந்து நிற்க முடியாது.

"சிரிக்கட்டுமுங்க நங்கையா. நெட்டையா இருந்தப்பவும் ஊரு சிரிச்சுது. கட்டையாப் போனாலும் சிரிக்குது. நான் எதுக்குங்க நடுவுல சங்கடப்படோணும்?"

நான் நடந்தேன். தோப்பு முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மாசி பிறந்ததும் கிணறு இறங்க ஆரம்பித்தது. எங்கள் பக்கம் மழை மறைவுப் பூமி. பங்குனியில் படி முடிந்து, வெறும் பாறையும் அடியில் ஒரு குட்டையும்தான் மிச்சம். அவர் "இனி மழைக்கு அப்பறந்தான்" என்று துண்டை உதறிவிட்டார். எனக்கு மனசில்லை. மூன்று மாதம் விட்டால் முதுகு பழையபடி சுருண்டுகொள்ளும் என்று பயம். விசாரித்தபோது பொள்ளாச்சியில் ஒரு நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று பத்திலிருந்து பதினொன்றுவரை ஒரு மணி நேரம் விடுகிறார்கள் என்று தெரிந்தது. வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறினேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற இளம் தாய்மார்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் நரைத்த தலை. கண்டக்டர் முதல் வாரம், "அடிக்கடி ஆசுபத்திரிக்குங்களா அம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க, நீச்சலுக்கு" என்றேன். அன்றிலிருந்து குளத்துக்குப் பக்கத்திலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்.

அங்கே பயிற்சி கொடுத்த பெண் என்னை இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க நல்லா நீந்தறீங்க. ஆனா பாம்பு மாதிரித் தலையத் தூக்கிட்டே போறீங்க. கழுத்து முன்னாடி முன்னாடி வருது. நீங்க மல்லாந்து நீந்தணும்" என்றாள்.

மல்லாந்து படுக்கிறதா? கிணற்றில் யாரும் அப்படி நீந்தி நான் பார்த்ததில்லை. முதல் நாள் தலையைச் சாய்த்ததும் இடுப்பு கீழே போய்விட்டது. மருந்து கலந்த தண்ணீர் மூக்கில் ஏறிக் கண்ணெல்லாம் எரிந்தது. அவள் என் முதுகுக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு, "நெஞ்சத் தூக்குங்கம்மா. இன்னும். யாரும் பாக்கல, தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

யாரும் பார்க்கவில்லை என்ற அந்த வார்த்தை எனக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. நெஞ்சைத் தூக்கினேன். தோள் இரண்டும் பின்னால் விரிந்தன. விரிந்தபோது நன்றாகவே வலித்தது. பல வருஷம் பூட்டிக்கிடந்த கதவைத் திறக்கிற வலி. காது தண்ணீருக்குள் போனதும் சத்தமெல்லாம் அடங்கி என் மூச்சு மட்டும் கேட்டது. மேலே கூரையின் இரும்பு உத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. தலை எதிலோ இடித்தது. குளத்தின் மறுகரை! விரலை அவள் எப்போதோ எடுத்துவிட்டிருந்தாள்.

ஆனியில் மழை பிடித்து, ஆடிக்குள் எங்கள் கிணறு பாதிக்குமேல் நிறைந்தது. நான் மல்லாந்து நீந்துவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துபோய், "ஏம்புள்ள, மயக்கமா?" என்று ஓடி வந்தார். அப்புறம் தானும் முயன்று, இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "இதெல்லாம் பொம்பளைங்க நீச்சல்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

ஒரு வருஷம் முடியும்வரை அளக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அடுத்த பரிசோதனை வந்தது. அதே ஆரோக்கிய கேந்திரம், அதே கம்பம், அதே நர்ஸ். குதிகாலை ஒட்டி வைத்து நின்றேன். பின்மண்டையில் கம்பம் பட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நர்ஸ் பலகையை இறக்கிப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அம்மா! நூற்றி அறுபத்தி எட்டு! ரெண்டு கூடி!"

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கம்பத்தடியில் ஏறி மூச்சை இழுத்துப் பிடித்து நின்று பார்த்தார். நூற்று அறுபத்தேழு. அவர் விடவில்லை.

"வெடியால தூங்கி எந்திரிச்சதும் அளந்தா எல்லாரும் ஒசரமாத்தான் இருப்பாங்க சிஸ்டர். பொழுதோட அளந்து பாருங்க, எறங்கிப்போகும்."

நர்ஸ் கடிகாரத்தைக் காட்டினாள். "அது சரியாக்கும். ஆனா இப்போ மணி பதினொண்ணு. போன தடவையும் பதினொண்ணுதான்."

பெண்கள் கை தட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள். என் வாழ்க்கையில் என் உயரத்துக்காக யாரும் கை தட்டி நான் கேட்டதில்லை. நான் அட்டையை வாங்கிக்கொண்டு, தண்ணீரில் மல்லாந்து கிடக்கிற மாதிரி, தோளை விரித்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். தோற்றுப்போன கோபம் என்று நினைத்தேன். தோப்பு வந்ததும் நின்றார்.

"ஒண்ணு சொல்லட்டுமா புள்ள? இந்த ஒரு வருசமும் எனக்கு என்னமோ போலத்தான் இருந்துச்சு. வெளிய சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். ஆனா நீ கொறஞ்சு போனது எனக்குப் புடிக்கல. ஒன்ன அண்ணாந்து பாத்துத்தான் பழக்கம்."

"அப்பறம் எதுக்குங்க ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க?"

"சொல்லலைன்னா நீ கெணத்துல எறங்கிருப்பயா?"

முன்கூட்டியே யோசித்துச் செய்தாரா, அப்போது வாயில் வந்ததைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்கிறார். அன்று அவரோடு ஒட்டி நின்று, குனியாமல், நேராகத் தோப்பைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

பொள்ளாச்சி டாக்டரிடமும் போய்ச் சுவரில் நின்று காட்டினேன். நான்கு விரல் போன இடத்தில் ஒரு விரல்கூடச் சிரமப்பட்டுத்தான் நுழைந்தது. அவருக்கும் ஒரே சந்தோஷம். "நீச்சலா, நடையா, தேங்காயா, கீரையா, எதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. எல்லாம் சேர்ந்துதான். எதையும் விட்டுடாதீங்க" என்றார். போன ஐந்தில் மூன்று சென்டிமீட்டர் இனி வராது என்பதையும் மறக்காமல் சொன்னார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அது வயதுக்குக் கொடுத்தது. மற்ற இரண்டும் பயத்துக்குக் கொடுத்தது, அதைத்தான் திருப்பி வாங்கிவிட்டேனே.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பரிசோதனையிலும் நூற்று அறுபத்தெட்டுதான். போன தடவை என் வீட்டுக்காரருக்கு அரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அன்று கை தட்டிய பெண்கள் சும்மா இருக்கவில்லை. முதலில் வந்து கேட்டது நர்ஸ். "எனக்கும் கழுத்து வேதனை உண்டு அம்மா, நானும் வரட்டே?" என்றாள். அப்புறம் ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரி, அப்புறம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது ஏழு பேர். விடிந்ததிலிருந்து ஏழு மணிவரை கிணறு எங்களுடையது. அவர் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தோப்புக்குள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். ஏழுக்கு மேல்தான் அவருக்கு முறை. அறுபது வருஷம் நீந்திய சொந்தக் கிணற்றில் இறங்க அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே என்று புலம்புவார். புலம்பிக்கொண்டே எங்களுக்காகப் படியில் பாசியைச் சுரண்டி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் கட்டிக் கொடுத்தார்.

நங்கையாவுக்கு எழுபத்திரண்டு வயதானபோது வாசலில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் ஒன்று நசுங்கிப்போனது. ஆறு மாதம் படுக்கை. எழுந்தபோது பாதியாக வளைந்திருந்தார். நான்தான் அவரைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போனேன். வேகமாகக் கைகால் வீச வேண்டாம், ஆள் துணையோடு தண்ணீரில் சும்மா மிதக்கலாம், வலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். ஒரு வாரம் கழித்து நங்கையா கைத்தடியோடு கிணற்று மேட்டுக்கு வந்தார். நாங்கள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தார். அதற்கடுத்த வாரம், "ஏம்மா, அந்தக் கேனு எங்க வச்சிருக்கற?" என்று கேட்டார்.

இடுப்பில் கேனைக் கட்டி, ஒரு பக்கம் நர்ஸும் ஒரு பக்கம் நானுமாகப் பிடித்துக்கொண்டு இறக்கினோம். பல நாள் கழுத்தளவு தண்ணீரில் என் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டே நின்றார். அந்தப் பிடியில் அவருடைய நகம் என் சட்டைக்குள் பதியும். என்னை மூன்று விரல் குறைத்துக்கொள்ள வைத்த அதே மனுஷிதான். ஆனால் அவர் உடம்பு நடுங்கும்போது அதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவதில்லை.

போன புதன்கிழமை காலை நல்ல வெயில். தண்ணீர் பளிங்காக இருந்தது. நர்ஸும் நானும் நங்கையாவின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, தலையைச் சாய்க்கச் சொன்னோம்.

"நெஞ்சத் தூக்குங்க நங்கையா. இன்னுங்கொஞ்சம்."

"விட்றாதம்மா. உன்ன நம்பித்தான் இருக்கறேன்."

"விடலீங்க. காலு ரெண்டையும் தளர்த்துங்க."

மெதுவாக மெதுவாக அவர் உடம்பு இளகியது. காது நனைந்தது. வெள்ளை முடி தண்ணீரில் பிரிந்து பரந்தது. வளைந்த முதுகு முழுக்க நிமிரவில்லைதான். ஆனால் அவர் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. விழுந்ததற்கு அப்புறம் அவர் தரையைத் தவிர வேறொன்றையும் பார்த்ததில்லை. நான் கையை எடுத்தேன். நர்ஸும் எடுத்தாள். அவர் மிதந்தார்.

"விட்டுட்டீங்களா ரெண்டு பேரும்?"

"எப்பவோ விட்டாச்சுங்க."

நங்கையா கிணறு அதிரச் சத்தம் போட்டார். "டே தம்பி! உங்கக்கா மெதக்கறன்டா!"

தோப்புக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார். "கேட்டுச்சுக்கா! மணி ஏழேகால் ஆச்சு, எல்லாரும் மேல வாங்க!"

"வரமாட்டோம் போடா" என்றார் நங்கையா. நாங்கள் எட்டுப் பேரும் சிரித்தோம். அன்று என் வீட்டுக்காரருக்குக் கிணறு கிடைக்க எட்டு மணியாகிவிட்டது.